மறுகணக்கும் என் சம்பந்தியின் கோழிகளும்

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் சம்பந்தியின் கோழிப்பண்ணையில், அலுவலகம் என்று சொல்லப்பட்ட சிறிய அறைக்குள், எனக்கென்றே வாங்கிப் போட்ட ஒரு சுழல் நாற்காலி இருந்தது. கறுப்பு நிறம். கைப்பிடிகளில் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. என் சம்பந்தி அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் பேருந்து ஏறிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் அதைத் துடைத்து மேசைக்கு முன்னால் இழுத்துப் போடுவார்களாம். நான் அதில் அமர்ந்து ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். அவர் எதிரே ஒரு மர முக்காலியின் அருகில் நின்றுகொண்டிருப்பார். உட்காருங்கள் என்று நான் சொன்னால் உட்காருவார், அதுவும் முக்காலியின் பாதியில். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு முன்னால் யாரும் அப்படி உட்காருவதில்லை என்பதால் அது எனக்குப் பிடித்திருந்தது.

அவருடைய ஒரே மகளை என் ஒரே மகனுக்கு மணமுடித்திருக்கிறோம். அவர் பெண்ணின் அப்பா, நான் மாப்பிள்ளையின் அப்பா. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வயதில் அவர் என்னைவிட மூத்தவர், நிலபுலத்தில் என்னைவிட எவ்வளவோ பெரியவர். ஆனாலும் திருமணத்தன்று மணமேடையிலிருந்து இறங்கியபோது அவர் குரல் ஒரு படி இறங்கியது, என் குரல் ஒரு படி ஏறியது. எங்கள் இருவரில் யாரும் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. அவர் மகள் சேலத்தில் என் வீட்டில் இருக்கிறாள். நான் முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பு அவள் தட்டில் விழும் என்று அவர் நினைத்தார். இதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்காகவும் அது தோன்றியதில்லை.

நான் ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கோப்பு எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கலாம், எந்தக் குறிப்புக்கு எந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் மனப்பாடம். அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது சக ஊழியர்கள் அதன் மேல் துணி போர்த்தி வைத்தார்கள். நான் விரிதாளைக் கற்றேன், அதோடு நிற்காமல் அதைத் தானாக வேலை செய்யவைக்கும் மேக்ரோ என்னும் கட்டளைகளை எழுதவும் கற்றேன். ஓய்வு பெற்றவனுக்கு இந்த அறிவெல்லாம் உடம்பில் தங்கிவிடுகிறது, வெளியேற வழி கிடைப்பதில்லை. ஆகவே சம்பந்தியின் பண்ணையை நான் கண்டுபிடித்தேன்.

முட்டைக்கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். கோழிகளுக்கு வயதாகி முட்டை குறையும்போது, தின்னும் தீவனத்துக்கு அவை ஈடாகாது. அப்போது மொத்தமாகக் கோழி வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார்கள். லாரி வந்து கூண்டுகளில் ஏற்றிக்கொண்டு போகும். அந்த நாளை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பாத்து, யோசிச்சுத்தானுங்க சம்பந்தி" என்றார். பார்ப்பதும் யோசிப்பதும் நடைமுறை ஆகாது என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். "அதுவும் சரிதானுங்க" என்றார்.

அடுத்த முறை போனபோது விரிதாளோடு போனேன். கோழிகள் இருக்கும் ஒவ்வொரு கொட்டாய்க்கும் ஒரு பத்தி. கோழிகள் எத்தனை, அன்றைய முட்டைகள் எத்தனை என்று தட்டினால், நூற்றுக்கு எத்தனை கோழி முட்டையிட்டிருக்கிறது என்பது பக்கத்துக் கட்டத்தில் தானாக வரும். அது நான் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் வியாபாரியின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும், லாரி வரும். வியாபாரியிடமும் ஆள் அனுப்பிச் சம்மதம் வாங்கியிருந்தேன்.

அந்த மேக்ரோவில் எனக்கு ஒரு தனிப்பட்ட வெற்றி இருந்தது. ஒரு கட்டத்தில் யாராவது கையால் எண்ணைத் தட்டினால் ஓடும்படி மேக்ரோ எழுதுவது எளிது. ஆனால் சதவீதம் இருக்கும் கட்டத்தில் யாரும் எதையும் தட்டுவதில்லை, அங்கே சூத்திரம்தான் இருக்கிறது. முதலில் நான் எழுதியது அந்தக் கட்டத்தில் யாராவது தட்டுவார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தது. சதவீதம் இறங்கியும் அசையவில்லை. பிறகு இன்னொரு வழியைக் கண்டேன். விரிதாள் தன் கணக்கை மறுபடி போடும்போதெல்லாம் மேக்ரோவை எழுப்பலாம். இதில் ஒரு குறை உண்டு. எந்தக் கட்டம் மாறியது, எதனால் மாறியது என்று அது சொல்லாது. கணக்கு மறுபடி போடப்பட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பாதி எண்களை வைத்துப் போட்ட கணக்கானாலும் அதற்கு ஒன்றுதான். இதையும் நான் படித்திருந்தேன். ஆனால் அது அடிக்குறிப்பில் இருந்தது. அடிக்குறிப்புகளை நாங்கள் அலுவலகத்தில் பிறருடைய தவறுகளைக் கண்டுபிடிக்க மட்டுமே பயன்படுத்துவோம்.

செய்தியை அனுப்பலாமா என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்கும்படி செய்திருக்கலாம். வேண்டுமென்றே விட்டேன். கேட்டால் யாராவது வேண்டாம் என்று சொல்லக்கூடும்.

சம்பந்தி திரையை நீண்ட நேரம் பார்த்தார். "அருமைங்க சம்பந்தி" என்றார். அவருடைய மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்று, "இது என்னங்கண்ணா பண்ணும்?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "எல்லாமே பண்ணும். நீ போய் வேலையப் பாரு" என்று சம்பந்தி அவரை உள்ளே அனுப்பினார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, தோட்டத்து முனியப்பனுக்குக் கிடா வெட்டு என்று அழைத்தார்கள். மகனும் மருமகளும் முந்தைய நாளே போய்விட்டார்கள். நான் காலையில் போனேன். கோயிலில் வேலை நடந்துகொண்டிருந்ததால் ஆண்கள் சிலர் அலுவலக அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். சம்பந்தியின் பங்காளிகள், திருச்செங்கோட்டிலிருந்து வந்த, ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டி முதலாளி, இப்படிப் பலர். கணினி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், நாற்காலியும் இருக்கிறது. விரிதாளைத் திறந்து விளக்கத் தொடங்கினேன். அப்போதுதான் திரையின் கீழ்ப்பட்டையில் 'கணக்கிடுக' என்ற சொல் நின்றுகொண்டிருப்பதைக் கண்டேன். யாரோ தானியங்கிக் கணக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். எண்களைத் தட்டினாலும் அது மறுபடி கணக்குப் போடாது, ஆகவே மேக்ரோவும் எழாது.

எனக்கு அது ஒரு முத்திரை இல்லாத ரசீதைப் பார்ப்பதுபோல் இருந்தது. "பாருங்கள், யாரோ தெரியாமல் கையை வைத்திருக்கிறார்கள்" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, ஒரே சொடுக்கில் பழையபடி மாற்றினேன். எண்கள் ஒரு முறை சிமிட்டின. வாசலில் நின்றிருந்த சம்பந்தி ஏதோ சொல்ல ஓர் அடி முன்னால் வந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "சாப்பாடு ஆயிருச்சுங்க சம்பந்தி, எல்லாரும் வாங்க" என்றார்.

பந்தி பாதி நடக்கும்போது லாரி வந்தது. பின்னால் அடுக்கடுக்காகக் காலிக் கூண்டுகள். சம்பந்தி ஒரு கையில் குழம்பு வாளியும் மறு கையில் கரண்டியுமாகப் பரிமாறிக்கொண்டிருந்தார். அப்படியே நின்றார். கூண்டில் கோழி ஏற்றுகிறவன் இறங்கி வந்து, "அண்ணா, ரெண்டாங் கொட்டாயின்னு மெசேஜ் வந்துருக்குதுங்ணா" என்றான். எல்லா இலைகளிலும் கை நின்றது. நான் எழுந்துவிட்டேன். விரிதாள் கண்டுபிடித்துவிட்டது, மனிதக் கண்ணுக்குத் தெரியாததை அது கண்டிருக்கிறது, இதற்குத்தான் நடைமுறை வேண்டும் என்பது, என்றெல்லாம் எச்சில் கையோடு பேசினேன். ரிக் வண்டி முதலாளி, "ஆத்தாடி, கம்ப்யூட்டரே லாரியக் கூப்புட்டுருச்சா!" என்று வியந்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சமையல் கொட்டகையின் வாசலில் என் மருமகள் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். அப்பாவை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள். அவர் கண்ணாலேயே ஏதோ சொன்னார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "ஏத்துங்க" என்றார்.

கொட்டாய்க்குள் போன ஏற்றுகிறவன் திரும்பி ஓடி வந்தான். "ஏனுங்ணா, கொண்டையெல்லாம் செவசெவன்னு இருக்குது. முட்டை வெக்கற கோழிங்ணா இது. நல்லாப் பாத்துதான் சொல்றீங்களா?"

"சொன்னதச் செய்யி சாமி. ஏத்து."

லாரி புறப்படும்போது ஒரு கூண்டின் கம்பிகளுக்கு இடையில் ஒரு முட்டை தங்கியிருந்தது. யாரோ அதை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்கள். "இதுதான் அதனுடைய ராஜினாமாக் கடிதம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. நல்ல விருந்தோம்பலோடு, சரியான இடத்தில் தொடங்கி, மற்றவர்கள் முடித்த பிறகு முடிந்த சிரிப்பு அது.

அந்தக் கொட்டாய் வெகு நாள் காலியாகக் கிடந்தது. புதிதாகக் குஞ்சு விட்டு, அது வளர்ந்து முட்டைக்கு வர மாதக்கணக்காகும். ஒரு முறை போனபோது கேட்டேன். "கொட்டாய்க்கும் கொஞ்சம் ஓய்வு வேணுமுங்க. காலியாப் போட்டாத்தான் கிருமி சாகும்" என்றார். நான் அதையும் நல்ல நடைமுறை என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

உண்மை எனக்குத் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கிடைத்தது, அதுவும் பாயசத்தோடு. பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் கோழி வியாபாரி. அதே வியாபாரி. நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை, கிடா வெட்டன்று வந்தவர்கள் அவருடைய ஆட்கள்தான். அவர் தமக்கு அந்தப் பக்கம் இருந்த நண்பருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மெசேஜ் எப்படி வருதுங்கறீங்க? 'இரண்டாம் கொட்டாயின் கோழிகளை ஏற்றிச் செல்லவும்'. கல்வெட்டாட்டம் வருதுங்க! மொதல்ல ஒருக்கா வந்துச்சு. எங்க ஆளுக போய்ப் பாத்தா, கோழியெல்லாம் கொக்கரிச்சுக்கிட்டு முட்டை வெக்குது. அந்தண்ணன் டிரைவருக்கு டிபன் வாங்கிக் குடுத்து, 'தெரியாம வந்துருச்சு, கோவிச்சுக்காம போய்ட்டு வா சாமி'ன்னு அனுப்பி உட்டுட்டாரு. நான் போனப் போட்டு, 'ஏனுங்ணா, அந்தக் கருமத்தப் புடுங்கி எறிங்க'ன்னேன். 'அது சம்பந்தி போட்டதுங்க. புடுங்குனா அவரு மனசு நோவும். அது பாட்டுக்கு இருக்கட்டும், ஓடாமப் பண்ணிக்கறேன்'னாரு. பொறவு ஆரையோ கூட்டியாந்து நிறுத்தி வெச்சுப்போட்டாரு."

"பொறவு?"

"பொறவென்ன! கெடா வெட்டன்னிக்கு அந்த ஆபீசரே வந்து மறுக்கா உசுரு குடுத்துப்போட்டாரு."

"அப்பவும் வண்டியத் திருப்பி அனுப்பறதுதானே?"

"எங்கீங்க அனுப்பறது? சனம் பூரா நிக்குது. அந்த மனுசன் நடுவுல நின்னு பிரசங்கம் பண்றாராம், எங்க ஆளுக வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கறானுக. அத்தன பேத்துக்கு முன்னால மாப்பிள்ளையோட அப்பாவப் பாத்து, நீங்க பண்ணுனது தப்புன்னு சொல்ல முடியுமுங்களா? புள்ளயக் குடுத்த ஊடு."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எந்தூருங்க?"

"சேலம்."

"அட, அந்த ஆபீசரும் சேலந்தானுங்க! தெரியுமுங்களா?"

"பார்த்திருக்கிறேன்" என்றேன்.

"பாத்தா சொல்லிப்போடாதீங்க. பாவம் அந்தண்ணன். இத்தன நாள் மூடி வெச்சிருக்காரு."

சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்தேன். பாயசத்தை முழுதும் குடித்தேன். இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்றவர், "கழுவியாச்சுன்னா நவுருங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து, கிடா வெட்டன்று நான் எடுத்துவந்திருந்த பிரதியைத் திறந்து பார்த்தேன். அன்று வேலையாட்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். இரண்டாவது கொட்டாயின் அன்றைய முட்டைகள் இன்னும் எண்ணப்படவில்லை, அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. வெறுமையை விரிதாள் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டது. நான் தானியங்கிக் கணக்கை இயக்கிய நொடியில் மறுகணக்கு நடந்தது, மேக்ரோ எழுந்தது, ஒரு கோழிகூட முட்டையிடவில்லை என்று கண்டது, செய்தி போயிற்று. ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். கட்டம் காலியாக இருந்தால் சும்மா இரு என்று ஒரு வரி. அது தொழில்நுட்பத் தவறு. அதற்கு ஒரு திருத்தக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னால் தூங்கிவிட முடியும். தூங்கவிடாதது வேறு. நான் உட்கார்ந்து திரும்பிக்கொண்டிருந்த அந்த அறையில் எனக்குத் தெரியாமல் ஒரு பெரிய மனிதர் என்னை ஒரு நோயாளியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது பயம். என் மேல்கூட இல்லை, அவர் மகளை எண்ணிய பயம்.

மறுநாளே மல்லசமுத்திரம் போனேன், முன்கூட்டிச் சொல்லாமல். சம்பந்தி தீவனக் கிடங்கிலிருந்து தலையெல்லாம் தவிடாக வெளியே வந்தார். என்னைக் கண்டதும் தோளில் இருந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது. நான் நின்றபடியே சொன்னேன். தவறு என்னுடையது, எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றேன். அலுவலகத்தில் பலரிடம் விளக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அன்று கொடுத்ததுதான் நான் கொடுத்த முதல் விளக்கம்.

அவர் பதறிவிட்டார். "ஆருங்க சொன்னது? அதெல்லாம் சும்மாங்க. அந்தக் கோழிக முன்னயே சொணங்கித்தான் இருந்துச்சு. உங்க கம்ப்யூட்டரு சரியாத்தானுங்க சொல்லுச்சு."

"கொண்டை சிவந்திருந்தது என்று அந்த ஆள் சொன்னானே."

"அவனுக்கு என்னங்க தெரியும், நேத்து வந்த பையன்" என்று சிரித்தார். முன்பு சிரித்த அதே சிரிப்பு.

இனி என்ன சொன்னாலும் அவர் ஒப்புக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தது. கூடத்துக்குள்ளிருந்து அவருடைய மனைவி வந்தார். என்னோடு பேசும்போது எப்போதும் கதவுக்குப் பின்னால் நிற்பவர், அன்று வாசல்படியைத் தாண்டி வந்து நின்றார்.

"அவருகிட்டக் கேக்காதீங்கண்ணா. அவருக்கு உங்களப் பாத்து வேண்டாம்னு சொல்ல வராது. அன்னிக்குப் பூரா அவரு ஒரு வாய் திங்கல. நாந்தான் கேட்டேன், இப்படி வாரிக் குடுத்துப்போட்டீங்களேன்னு. கோழி போனா வேற கோழி வாங்கிக்கலாம், புள்ள அங்க இருக்குதுன்னாரு."

"நீ உள்ள போ" என்றார் சம்பந்தி.

"போறேன். சொல்லிப்போட்டுத்தான் போறேன். ஏனுங்கண்ணா, தெரியாமத்தான் கேக்கறேன், எம்பட புள்ள அங்க நல்லா இருக்குதுங்களா?"

நல்லா இருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் மனைவி இறந்து, மருமகள் வந்து, வீடே அவள் கையில்தான் நடக்கிறது. ஒரு நாளும் அவள் முகம் கோணி நான் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் சரிங்க மாமா என்றுதான் சொல்லியிருக்கிறாள். இவ்வளவையும் பதிலாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்த நொடியில், என் சம்பந்தியைப் பற்றியும் நேற்றுவரை இதையேதான் சொல்லியிருப்பேன் என்பது புரிந்தது. "கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். அந்த அம்மாள் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

பேருந்தில் சேலம் திரும்பினேன். மாலைக்குத்தான் வருவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன், ஆனால் வெயில் சாயும் முன்பே வந்துவிட்டேன். சாவி இருந்ததால் கதவைத் தட்டவில்லை. சமையலறையில் மருமகள் அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள்.

அந்தச் சமையலறையில் என் கைவண்ணம் ஒன்று உண்டு. செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையிலிருந்து ஒரே அளவில் டப்பாக்கள் வாங்கி, பெயர் ஒட்டி, அகர வரிசையில் அலமாரியில் அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். கடுகு டப்பாவும் சீரக டப்பாவும் இருக்க வேண்டிய வரிசையில் இருக்கின்றன. வசதியாக இருக்கிறதா என்று கேட்டபோது, ரொம்ப வசதியாக இருக்கிறது என்றாள்.

இப்போது மேடையின் மேல் ஒரு பழைய அஞ்சறைப்பெட்டி திறந்திருந்தது. அதிலிருந்து கையாலேயே கடுகை அள்ளி எண்ணெயில் போட்டாள், பார்க்காமலே. என் டப்பாக்கள் ஒன்றும் தொடப்படாமல் பளபளவென்று வரிசையில் நின்றன. என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் பெட்டியின் மூடியைச் சட்டென்று மூடினாள். கை தானாக அலமாரிக்குப் போய், சீரகம் என்று என் கையெழுத்தில் எழுதிய டப்பாவை எடுத்தது. மூடியைச் சுற்றிக் கடையில் ஒட்டிய பாலித்தீனைக்கூடப் பிரிக்காத காலி டப்பா. அதைத் திறக்க முடியாமல் திணறினாள்.

"இந்த அலமாரியை எடுத்துவிடலாமாம்மா?" என்றேன். "உனக்குத் தொந்தரவாக இருந்தால் சொல். நான் வருத்தப்பட மாட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பதில் சரியான பதில் என்று அங்கே தேடினாள். கடுகு வெடித்து, கருகும் வாசனை வந்தது.

"இல்லீங்க மாமா. ரொம்ப வசதியாத்தான் இருக்குதுங்க."

இன்னொரு முறை கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டால் இன்னும் பயப்படுவாள். நம்பிவிட்டதுபோல் தலையாட்டினேன். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு சீரானது, அடுப்பை அணைக்கத் திரும்பினாள்.